எடையாகிப்போன எழுத்து: விஸ்பி நூதனசாலை குறித்த ஒரு வாசிப்பு

1

தேசிய நூதனசாலையையும் ஊர் நூதனசாலையையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியாது. முன்னது ஓர் அரசு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் பெருங்கதை. எது உள்ளே வரவேண்டும், எந்த மண்டபத்தில் எதற்குப் பக்கத்தில் எது இருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கதையின் தேவைப்படியே தீர்மானமாகின்றன. ஊர் நூதனசாலைக்கு அந்த வசதி இல்லை. அது தன் மண்ணில் அகப்பட்டதை வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும். வயலை உழும்போது கிடைத்தது, கிணறு வெட்டும்போது கிடைத்தது, தேவாலயத்தின் தரைக்கல்லைப் புரட்டியபோது கிடைத்தது என்று அதன் பொருள்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்து சேர்கின்றன. அவற்றிடையே ஒரு கதையைக் கட்டுவதே அங்குள்ளவர்களின் வேலை. இந்த வகையில் ஊர் நூதனசாலை ஒரு பிரதி. ஒரு நாவலை விமர்சிப்பதுபோல அதன் எடுத்துரைப்பையும் அதன் மௌனங்களையும் விமர்சிக்க நமக்கு இடமுண்டு.

சுவீடனின் கொட்லண்ட் தீவிலுள்ள விஸ்பி என்ற பழைய நகரத்தின் நூதனசாலையை இப்படி வாசிக்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அங்கு செல்லும் முஸ்லிம் வாசகர் ஒருவருக்கு எதிர்பாராத சந்திப்பொன்று காத்திருக்கிறது. பக்தாதிலிருந்து பல்லாயிரம் கிலோமீற்றர் தொலைவில், பல்டிக் கடலின் நடுவே இருக்கும் ஒரு தீவின் வெள்ளிக் குவியலில், ஆயிரக்கணக்கான காசுகள் கலிமாவைச் சுமந்துகொண்டு கிடக்கின்றன. அந்தக் காசுகளை அவ்வூர் தன் கதைக்குள் எப்படிச் சேர்த்திருக்கிறது? நாம் அவற்றை எப்படி வாசிக்கப் பழகியிருக்கிறோம்? இந்த இரண்டு வாசிப்புகளும் சேர்ந்து யாரை வெளியே விட்டுவிடுகின்றன? இவைதான் என் கேள்விகள்.

2

கொட்லண்ட் சுவீடனின் மிகப் பெரிய தீவு. ஸ்டொக்ஹோமுக்குத் தெற்கேயுள்ள நைனஸ்ஹாம்ன் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகும். கரையை நெருங்கும்போது முதலில் தெரிவது விஸ்பியின் மதில்தான். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்தச் சுண்ணாம்புக்கல் மதில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் நீளத்தில், கோபுரங்களோடு இன்றும் நகரத்தைச் சுற்றி நிற்கிறது. உள்ளே கூரையிழந்த தேவாலயங்கள், வர்த்தகர்களின் உயரமான கல்வீடுகள், ஒடுங்கிய தெருக்கள். 1995இல் யுனெஸ்கோ விஸ்பியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஹன்சா என்ற வடஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் முக்கிய நகரங்களில் ஒன்றாக இது விளங்கியது. மதிலுக்குள் ஜேர்மன் மொழி பேசிய வணிகர்களும், வெளியே தீவின் விவசாயிகளும் வாழ்ந்த காலம் அது. மதில் அந்நியப் படைகளை மட்டும் தடுக்கவில்லை. நகரத்தாரையும் நாட்டுப்புறத்தாரையும் அது பிரித்தது. 1288இல் இவ்விரு பகுதியினருக்கும் இடையே ஒரு யுத்தமே நடந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நூதனசாலை கடற்கரைத் தெருவில் இருக்கிறது. அதன் பிரதான கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் அரசாங்கச் சாராய வடிசாலையாகக் கட்டப்பட்டது. கலிமா பொறித்த காசுகள் வந்து தங்கிய இடம் ஒரு பழைய வடிசாலை என்பது வரலாற்றின் விளையாட்டுகளில் ஒன்று. இதனைத் தோற்றுவித்தவர் பேர் ஆர்விட் சேவே (1811–1887). பாடசாலை ஆசிரியர். தீவின் வாய்மொழிக் கதைகளையும் பாடல்களையும் நாட்டார் வழக்கங்களையும் வாழ்நாள் முழுதும் எழுதிச் சேர்த்தவர். பழைய பொருட்களில் ஈடுபாடுள்ளவர்களைக் கூட்டி 1874இல் ஒரு சங்கம் அமைத்து, மறு ஆண்டிலேயே நூதனசாலையையும் தொடங்கினார். ஓர் ஊரின் நினைவை ஆசிரியர் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்ட இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. நமது பிரதேசங்களின் வாய்மொழி இலக்கியங்கள் எஞ்சியிருப்பதும் இப்படியான ஆசிரியர்களின் கொப்பிகளில்தான்.

3

நூதனசாலையின் முதல் பெரும் அனுபவம் சித்திரக்கற்கள். ஏறத்தாழ கி.பி. 400 முதல் 1100 வரையான காலத்தில் கொட்லண்ட் மக்கள் சுண்ணாம்புக்கல் பலகைகளில் சித்திரங்களைச் செதுக்கி நட்டார்கள். 400க்கும் மேற்பட்ட கற்களும் துண்டுகளும் கிடைத்துள்ளன. முற்காலத்துக் கற்களில் சுழலும் வட்டங்களும் துடுப்புப் படகுகளும். பிற்காலத்தவை காளான் வடிவில் நிமிர்ந்து நிற்பவை. அவற்றில் பாய்விரித்த கப்பல், குதிரையில் வரும் வீரன், அவனுக்குக் குடிகொம்பு நீட்டும் பெண், போர்க்களம். ஸ்மிஸ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு கல்லில், காலை அகற்றி இருக்கும் ஓர் உருவம் இரு கைகளிலும் பாம்பைப் பிடித்திருக்கிறது. அது யார், தெய்வமா, சூனியக்காரியா என்பது குறித்து இன்றும் உடன்பாடில்லை.

ஒரு விமர்சகனை இங்கே நிறுத்தவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பல கற்களில் இன்று நாம் தெளிவாகக் காணும் கோடுகள் உளியின் கோடுகள் மட்டுமல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூனே லிண்ட்குவிஸ்ட் என்ற தொல்லியல் அறிஞர் இக்கற்களை ஆராய்ந்து 1941–42இல் பெருநூலாக வெளியிட்டார். தேய்ந்துபோன செதுக்கல்களைப் புகைப்படத்தில் காட்டுவதற்காக, தான் கண்டதாக நம்பிய கோடுகளின்மீது அவர் வர்ணம் தீட்டினார். அதன்பின் வந்தவர்கள் பெரும்பாலும் வர்ணத்தைத்தான் வாசித்தார்கள். அண்மைக் காலத்தில் ஒளியைப் பல கோணங்களில் பாய்ச்சி எடுக்கும் படங்களும் முப்பரிமாணப் பதிவுகளும் வந்தபிறகு, சில இடங்களில் வர்ணம் போன வழி வேறு, உளி போன வழி வேறு என்று தெரியவந்தது.

ஒரு வாசகரின் விளக்கம் பிரதியின்மேலேயே பூசப்பட்டு, நாளடைவில் அதுவே பிரதியாகிவிடுகிறது. பழைய இலக்கியங்களுக்கு உரை எழுதிய மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உரையாசிரியர் இல்லாவிட்டால் பல பாடல்கள் நமக்கு விளங்கியிரா. உரையாசிரியர் இருப்பதாலேயே சில பாடல்களை நாம் வேறுவிதமாக வாசிக்க முடியாமலும் போயிருக்கிறது. லிண்ட்குவிஸ்ட் செய்தது குற்றமல்ல. அந்தத் தலைமுறைக்கு இருந்த வழி அது. ஆனால் நூதனசாலைக்குள் நுழையும் எவரும் இந்தப் பாடத்தோடுதான் அடுத்த மண்டபத்துக்குப் போகவேண்டும். ஏனெனில் அங்கே வர்ணம் தீட்டும் கைகள் இன்னும் அதிகம்.

4

1999 ஜூலை 16. தீவின் வடக்கே ஸ்லீத்தே என்ற ஊருக்கு அருகில் ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணை. கொட்லண்டில் புதையல் திருடர்களின் தொல்லை பற்றி நிகழ்ச்சி தயாரிப்பதற்காகத் தொலைக்காட்சிக் குழுவொன்று அங்கு வந்திருந்தது. உலோகங் காட்டும் கருவியோடு ஒரு தொல்லியலாளரும் நின்றார். படப்பிடிப்பு முடிந்த பிறகு வயலில் மேலும் தேடியபோது கருவி ஓலமிட்டது. தோண்டியபோது ஒரு வெள்ளிக் குவியல். சில மீற்றர் தள்ளி இன்னொன்று. பக்கத்தில் 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட வெண்கலத் துண்டுகள். இரண்டு வெள்ளிக் குவியல்களும் சேர்ந்து 67 கிலோகிராம். 14,295 நாணயங்கள், நூற்றுக்கணக்கான கைவளையங்கள், வெட்டிய வெள்ளித் துண்டுகள். அனைத்தும் ஒரு பழைய கட்டடத்தின் தரைப்பலகைகளின்கீழ் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. இத்தகைய புதையல் அரசுக்கே உரியது என்பது சுவீடனின் பழைய சட்டம். அதற்கு ஈடாக நில உரிமையாளருக்கு இரண்டு மில்லியன் குரோனருக்கு மேல் வெகுமதி வழங்கப்பட்டது.

அந்த நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை திர்ஹம்கள்.

திர்ஹம் என்பது வெறும் வெள்ளித் தகடு அல்ல. உமையாக் கலீபா அப்துல் மலிக்கின் நாணயச் சீர்திருத்தத்துக்குப் பின், ஹிஜ்ரி 79 அளவிலிருந்து, வெள்ளிக் காசில் மன்னரின் உருவம் இல்லாமற்போயிற்று. உருவத்தின் இடத்தை எழுத்து எடுத்துக்கொண்டது. நடுவே அல்லாஹ்வைத் தவிர நாயன் இல்லை, அவன் தனித்தவன், இணையற்றவன் என்ற வாசகம். சுற்றிவர, எந்த நகரத்தில், எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற விபரம், எண்ணாக அல்லாமல் சொற்களாக. பக்தாத் என்ற பெயர் அக்காசுகளில் வராது. மதீனத்துஸ் ஸலாம், சமாதானத்தின் நகரம், என்றே இருக்கும். சுமார் மூன்று கிராம் வெள்ளியில் ஒரு நம்பிக்கை, ஓர் ஊர், ஓர் ஆண்டு. உலகில் அக்காலத்தில் இவ்வளவு எழுத்தைச் சுமந்து திரிந்த பணம் வேறு இருந்ததா என்பது சந்தேகம்.

இந்த எழுத்து கொட்லண்டுக்கு வந்ததும் என்னவாயிற்று? அங்கே அதை வாசிக்க ஆளில்லை. வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. தீவில் வெள்ளி எடையாகவே புழங்கியது. வணிகன் மடித்து இடுப்பில் செருகக்கூடிய சிறு தராசும் எடைக்கற்களும் வைத்திருந்தான். கணக்குக்கு ஒரு காசு கூடினால் அதை வெட்டிப் பாதியைக் கொடுத்தான். வெள்ளி நல்லதா என்று அறியக் கத்தி நுனியால் கீறிப் பார்த்தான். வைகிங் காலத்துப் புதையல்களில் அரையும் காலுமாக நறுக்கப்பட்ட திர்ஹம்கள் ஏராளம். வெட்டு ‘இல்லல்லாஹ்’வுக்குக் குறுக்கே போயிருக்கலாம், ஆண்டைக் குறிக்கும் சொல்லைத் துண்டாடியிருக்கலாம். வெட்டியவனுக்கு அது பொருட்டில்லை. கொட்லண்டின் கைவளையங்களில் பலவும் இப்படி வந்த வெள்ளியை உருக்கி வார்த்தவை. எழுத்து எடையாயிற்று. எடை அணிகலனாயிற்று. அணிகலன் மீண்டும் எடையாயிற்று.

ஆனால் எழுத்து முற்றாகத் தோற்றுப்போகவில்லை. 9ஆம் நூற்றாண்டுக் கொட்லண்ட் தன்னைப் பற்றி ஆண்டுக் கணக்கோடு எதையும் எழுதி வைக்கவில்லை. ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் அந்த வீட்டின் தரைக்குக்கீழ் வெள்ளியை யாரோ எப்போது புதைத்தார் என்று அறிய ஆய்வாளர்கள் புதையலின் கடைசி நாணயத்தைத்தான் கேட்கவேண்டியிருந்தது. அது கி.பி. 870/871 என்றது. ஹிஜ்ரி 257. ஒரு சுவீடியப் பண்ணைவீட்டின் வயதை ஹிஜ்ரி ஆண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறது. தராசு எடுத்துக்கொள்ளாத எழுத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து நூதனசாலை எடுத்துக்கொண்டது. இது ஊர் நூதனசாலை என்ற நிறுவனத்தின் பெரிய சாதனை என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இந்தக் குவியலில் தனித்துப் பேசப்படும் ஒரு காசு உண்டு. பார்வைக்குத் திர்ஹம்தான். ஆனால் அதில் வழமையான வாசகத்துக்குப் பதிலாக மூஸா ரசூலுல்லாஹ் என்றிருக்கிறது. கஸ்பியன் கடலுக்கு வடக்கே ஆண்ட கஸர்கள், திர்ஹத்தைப் பார்த்து 837/838இல் அடித்த காசு அது. கஸர் ஆட்சியாளர் யூத சமயத்தைத் தழுவிக்கொண்டனர் என்பதற்கான அரிய பொருட்சான்றாக அதைக் கருதுகிறார்கள். ‘மூஸா (அலை) அல்லாஹ்வின் தூதர்’ என்பதில் முஸ்லிம் எவருக்கும் மறுப்பில்லை. அதை அடித்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும். முஸ்லிம் சந்தையில் செல்லுபடியாகவும் வேண்டும், தம் சமயத்தையும் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வாசகத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள். சமயங்களுக்கிடையிலான உறவு பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட இந்த ஒரு காசு நுட்பமானது.

5

இப்போது வர்ணம் தீட்டும் கைகளுக்கு வருவோம்.

முதலாவது கை, ‘உலகின் மிகப் பெரிய வைகிங் வெள்ளிப் புதையல்’ என்று எழுதுகிறது. ஸ்பில்லிங்ஸ் பற்றிய எந்த அறிமுகமும் இந்தத் தொடரோடும் 67 என்ற எண்ணோடும்தான் தொடங்குகிறது. இது பொய்யல்ல. புதைத்தவர் தீவுவாசி, வளையங்கள் தீவின் வேலைப்பாடு. ஆயினும் அடித்தவரின் பெயர் பின்னால் தள்ளப்பட்டு வைத்திருந்தவரின் பெயர் முன்னால் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். தவிர, எடையைச் சொல்லித் தொடங்கும்போது நாமும் அந்த 9ஆம் நூற்றாண்டு வணிகனின் தராசையே கையில் எடுக்கிறோம். பார்வையாளர் பெட்டியின்முன் நின்று வியப்பது குவியலைப் பார்த்து. ஒரு காசைக் குனிந்து பார்த்து அது சமர்கந்திலா, மதீனத்துஸ் ஸலாமிலா பிறந்தது என்று கேட்பவர் குறைவு. புதையல் என்ற சொல்லே வாசிப்பைத் தடுத்துவிடுகிறது.

இரண்டாவது கை நம்முடையது. வடதுருவத்துக்குப் பக்கத்தில் கலிமா, வைகிங்குகளிடமும் நம் நாணயம், இதோ இஸ்லாமிய நாகரிகத்தின் மேன்மை என்று எழுத நம்மவர்களுக்கு ஆசை மிகுதி. இப்படியான துணுக்குகளை நமது பத்திரிகைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். அக்காலத்து முஸ்லிம் உலகின் பொருளாதார வலிமைக்கும் நாணயத்தின் நம்பகத்துக்கும் இக்காசுகள் சாட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கு போனது வெள்ளியே தவிர நம்பிக்கை அல்ல. கலிமாவை வாசித்து எவரும் மனம் மாறியதற்கு அந்த மண்ணில் சான்றில்லை. அவர்கள் அதைக் கத்தியால் கீறினார்கள். இதைச் சொல்லாமல் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வது பாதிக் காசை வெட்டி எடுத்துக்கொள்வது போன்றது.

இரண்டு கைகளும் சேர்ந்து மறைப்பது வேறொன்று. இந்த வெள்ளிக்கு விலையாக எது போயிற்று? தோல், தேன், மெழுகு, வாள். இவற்றோடு மனிதர்கள். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசின் அஞ்சல்துறை அதிகாரியாயிருந்த இப்னு குர்தாத்பிஹ், ரூஸ் வணிகர்கள் நீர்நரித் தோலும் கருநரித் தோலும் வாளும் கொண்டுவந்து, சிலவேளை ஒட்டகத்தில் பக்தாத்வரை வந்ததை எழுதுகிறார். தாம் கிறிஸ்தவர்கள் என்று சொல்லி ஜிஸ்யா வரி செலுத்தினார்கள் என்கிறார். அவர்களுக்கு மொழிபெயர்த்தவர்கள் ஸ்லாவிய இனத்து அடிமைகளான அலிகள். ஹிஜ்ரி 309–310 (921–922)இல் கலீபாவின் தூதுக்குழுவோடு வொல்கா நதிக்கரைக்குப் போன இப்னு பழ்லான், அங்கு விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண்களை நேரில் கண்டவர். ரூஸ் வணிகன் பத்தாயிரம் திர்ஹம் சேர்த்தால் மனைவியின் கழுத்தில் ஒரு வளையம் ஏறும் என்றும் அவர் எழுதுகிறார். பல ஐரோப்பிய மொழிகளில் அடிமையைக் குறிக்கும் சொல் ஸ்லாவியர் என்ற இனப்பெயரிலிருந்தே பிறந்தது. விற்றவர்கள் வடக்கத்தியர், வாங்கியவர்கள் தெற்கே. அந்த வாங்கியவர்களில் நம்மவர்களும் உண்டு.

ஹிஜ்ரி 257 என்று சொன்னேன், புதையலின் கடைசிக் காசின் ஆண்டு. அதே ஆண்டு ஷவ்வால் மாதத்தில்தான், தென் ஈராக்கின் உப்புநிலங்களில் உழைத்த கறுப்பின அடிமைகள் ஸன்ஜ் கிளர்ச்சியின்போது பஸ்ராவுக்குள் புகுந்து நகரத்தைச் சூறையாடினார்கள். வெள்ளி வடக்கே போய்ச் சேர்ந்த காலமும், அடிமைமுறை கலீபாக்களின் பெருநகரொன்றைத் தீக்கிரையாக்கிய காலமும் ஒன்றே. ஒரு காசின் ஆண்டைப் பெருமையோடு வாசிக்கிற நாம் அந்த ஆண்டின் மற்றச் செய்தியையும் வாசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நூதனசாலையின் சேகரிப்பில் உள்ள ஒரு சிறு பொருள் இந்த இரு வாசிப்புகளையும்விட நேர்மையானது. தீவின் நடுப்பகுதியிலுள்ள றோமா என்ற இடத்தில் கிடைத்த சாணைக்கல் அது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ரூன் எழுத்தில் இரு மனிதர்களின் பெயர்களும், கிரேக்கம், ஜெரூசலம், ஐஸ்லாந்து, ஸெர்க்லாந்து என்று நான்கு இடப்பெயர்களும். ஸெர்க்லாந்து என்பது முஸ்லிம்களின் நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர். வேறொன்றும் எழுதியில்லை. வென்றோம் என்றில்லை, கண்டு வியந்தோம் என்றில்லை. போன இடமா, போக நினைத்த இடமா என்பதும் தெரியாது. ஊர்ப்பயணிகள் இருவர் உலகத்தை நான்கு சொல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் நமது நாடும் ஒரு சொல். பெருமைக்கும் வெறுப்புக்கும் முந்திய நிலை இது.

6

நூதனசாலையின் மிகத் துணிச்சலான பகுதி வெள்ளியல்ல, எலும்பு.

1361 ஜூலை 27இல் டென்மார்க் மன்னன் வால்டெமார் அட்டர்டாக்கின் படை விஸ்பியின் மதிலுக்கு வெளியே தீவின் விவசாயிகளைக் கொன்று குவித்தது. சுமார் 1,800 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நகரத்தின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. இரு நாட்களின்பின் நகரம் மன்னனிடம் சரணடைந்து தன் வணிக உரிமைகளைக் காப்பாற்றிக்கொண்டது. கோடை வெயிலில் பிணங்கள் விரைவாக அழுகியதால் பலரைக் கவசத்தோடேயே கூட்டுக்குழிகளில் போட்டார்கள். 1905 முதல் 1930 வரை நடந்த அகழ்வுகளில் 1,100க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. அவர்களில் சிறுவர்களும் முதியவர்களும் உடற்குறை உள்ளவர்களும் இருந்தனர். இரும்பு வலைத் தலையுறை இன்னும் ஒட்டியிருக்கும் மண்டையோடுகள் இந்நூதனசாலைக்கு வருபவர்கள் மறக்க முடியாத காட்சி.

இதே நிகழ்வுக்கு வேறொரு வடிவமும் உண்டு. 1882இல் கார்ல் குஸ்தாவ் ஹெல்குவிஸ்ட் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் மன்னன் சந்தையில் சிம்மாசனமிட்டு அமர்ந்திருக்க, நகரத்தார் கண்ணீரோடு தம் பொன்னையும் வெள்ளியையும் பீப்பாய்களில் கொட்டுகிறார்கள். பீப்பாய்க் கதை பிற்காலத்து ஐதீகம். ஆனால் சுவீடியப் பாடப்புத்தகங்கள் வழியாகத் தலைமுறைகள் அறிந்த 1361 அதுதான். நகரம் பாதிக்கப்பட்டவளாக நடுவே நிற்கிறாள். மதிலுக்கு வெளியே கிடந்த விவசாயிகள் படத்தில் இல்லை. ஓவியம் தீட்டிய இந்த வர்ணத்தை எலும்புகள் கலைத்துவிடுகின்றன. தன் ஊரின் மதில் தன் மக்களுக்கே திறக்கவில்லை என்ற உண்மையை அந்த மதிலுக்குள்ளேயே இருந்துகொண்டு காட்டுவது சாதாரண விஷயமல்ல. ஓர் ஊர் வரலாறு தன் வெட்கத்தையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது முன்மாதிரி.

ஆனால் இங்கேதான் இந்த வகைமையின் எல்லையும் தெரிகிறது. 1361இல் மாண்டவர்களுக்கு எலும்பு இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. வெள்ளிக்கு விலையாகிப் போனவர்களுக்கு இத்தீவில் எலும்பில்லை. அவர்கள் வொல்காவின் சந்தைகளைத் தாண்டி எங்கோ போய் மண்ணானார்கள். அவர்களிடமிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை, அவர்களின் விலையைத் தவிர. 14,295 காசுகளையும் அப்படிப் பார்க்கலாம். எந்தக் காசு தோலுக்கு வந்தது, எந்தக் காசு ஒரு பெண்ணுக்கு வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. பொருள் இருந்தால்தான் பேசமுடியும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டது நூதனசாலை. இதை நூதனசாலையின் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

பொருளில்லாத இடத்தில் பேசவேண்டியது புனைவு. சுவீடிய இலக்கியத்தில் இந்த வடக்கு–தெற்குப் பயணத்தைக் கையாண்ட மிகப் பிரபலமான நாவல் பிரான்ஸ் பெங்ட்சனின் ‘சிவந்த ஓர்ம்’ (1941, 1945). அதன் நாயகன் அந்தலூசியாவில் பிடிபட்டுத் துடுப்பு வலிக்கும் அடிமையாகி, பெயரளவில் முஸ்லிமாகி, அல்மன்ஸூரின் படையில் சேவை செய்கிறான். அங்கதமும் வேகமும் உள்ள நாவல். ஆனால் அங்கே அடிமையாகும் அனுபவம் வைகிங் வீரனுக்கே வாய்க்கிறது. அவன் அதிலிருந்து மீண்டும்விடுகிறான். அவனைப் போன்றவர்கள் கட்டி இழுத்துச்சென்று விற்ற பெண்ணின் குரலிலிருந்து அந்தப் பாதையைச் சொன்னால் நாவல் வேறொன்றாகியிருக்கும்.

7

நம் பக்கத்திலும் ஒரு கல் இருக்கிறது. கொழும்பில் கிடைத்த, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கூஃபி எழுத்து மீஸான் கல். ஆங்கிலேயர் காலத்தில் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் அதன் வாசகத்தை 1827இல் வெளிவந்த ரோயல் ஏசியாட்டிக் சங்கத் தொகுதியில் அறிமுகம் செய்தார். ஸ்பில்லிங்ஸ் காசுகளும் இந்தக் கல்லும் ஒரே வணிக உலகத்தின் இரு ஓரங்கள். ஒரே எழுத்து மரபு வடக்கே பல்டிக் தீவுக்கும் தெற்கே இலங்கைக்கும் போயிருக்கிறது. அங்கே அது தராசில் ஏறியது. இங்கே அது ஒரு மையத்தின் தலைமாட்டில் நின்றது. அறபியில் மீஸான் என்றால் தராசு என்பதையும் சேர்த்து யோசிக்கத் தோன்றுகிறது.

இந்தக் கல்லைக் கொண்டு நமது ஊர் வரலாற்று நூல்கள் செய்வது என்ன? பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் அதை ஒரு பத்திரமாகக் காட்டுகின்றன. அறபு வணிகர் வருகை, ஆயிரம் ஆண்டு உரிமை. நமது இருப்பே கேள்விக்குள்ளாக்கப்படும் ஒரு நாட்டில் இப்படி எழுதவேண்டி நேர்ந்ததை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் பத்திரமாக மட்டும் வாசிக்கப்படும் கல்லும் எடையாகிப்போன எழுத்துத்தான். அந்த வணிகர்களின் கப்பல்களில் துடுப்பு வலித்தவர் யார், அவர்கள் மணமுடித்த பெண்களின் மொழி எது, அவர்கள் எதை விற்றார்கள், யாரை விற்றார்கள் என்ற கேள்விகள் நமது அத்தியாயங்களில் வருவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகிகளின் பெயர்ப்பட்டியல் வருகிறது. ஊருக்குள் ஒருவருக்கொருவர் கதவடைத்த நாட்கள் வருவதில்லை.

விஸ்பி நூதனசாலை குறையற்றது என்பதல்ல என் மதிப்பீடு. வெள்ளியை அது எடையாகக் காட்டும் இடத்தில் எழுத்தாகக் காட்டியிருக்கலாம். காசுக்கும் விற்கப்பட்ட மனிதருக்கும் உள்ள தொடர்பு பார்வையாளரின் மனதில் தைக்கும்படி பெட்டியின் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தையாவது விட்டிருக்கலாம். ஆனால் தன் மண்ணில் கிடைத்த அந்நியப் பொருளை ஊரின் கதைக்குள் எடுத்துக்கொண்டதிலும், தன் மூதாதையர் கதவடைத்ததை மறைக்காததிலும், அது நாம் எழுதும் ஊர் வரலாறுகளைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. நமது ஊர்களில் நூதனசாலை அமைப்பவர்களும் ஊர் வரலாறு எழுதுபவர்களும் முதலில் கேட்கவேண்டியது, நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையல்ல, அதை யார் கொடுத்துப்போனார்கள், என்ன விலைக்கு என்பதை.